தலைநகரும் தலைவிதியும்

தஞ்சைப் பெரிய கோயிலின் முகப்பு வாயிலைக் கடந்து உள்ளே செல்லும் ஆட்சியாளர் பதவி இழப்பார் என்று ஒரு பேச்சு, மனிதன் நிலவில் கால்வைத்துத் திரும்பிய பின்னரும் நம் நாட்டில் உலவிக்கொண்டிருக்கிறது. அமைச்சர் வருகிறார் என்றால் எந்த வாயில் வழியாக வருவார் என்று கேட்போர் உண்டு, பக்க வாயிலைப் பரிந்துரைப்போர் உண்டு, தேர்தலில் தோற்றவர் என்றோ ஒருநாள் அங்கே சென்றதை நினைவுபடுத்தி, "பார்த்தீர்களா, பலித்துவிட்டது!" என்று பூரிப்போரும் உண்டு. அங்கே செல்லாமலே தோற்றவர் எத்தனை பேர், சென்று வந்த பின்னும் வென்றவர் எத்தனை பேர் என்ற கணக்கை மட்டும் அவர்கள் எடுப்பதில்லை. எடுத்தால் கதை கரைந்துவிடும். கதை கரைந்தால் கதை சொல்லியின் பிழைப்பும் கரைந்துவிடும்.

இந்தக் கதைக்குப் பின்னே ஒரு பழைய எண்ணம் பதுங்கியிருக்கிறது. இடத்துக்கு ராசி உண்டு. அந்த ராசியே அரசை வாழவைக்கும், அதுவே வீழவும் வைக்கும் என்ற எண்ணம் அது. ஊர் பிறந்ததற்கு ஓர் அரக்கன் கதை, ஊர் உயர்ந்ததற்கு ஒரு தெய்வத்தின் வரம், ஊர் அழிந்ததற்கு ஒரு முனிவரின் சாபம்—தலபுராணங்கள் முழுவதும் இதே சரக்குத்தான். தஞ்சை என்ற பெயருக்கே தஞ்சன் என்றோர் அரக்கனைப் படைத்தார்கள். படைத்தவர்கள், அந்த ஊரைச் சுற்றி நெல் விளைவித்த மனிதன் ஒருவனுடைய பெயரையேனும் நமக்கு விட்டுச் சென்றார்களா? இல்லை.

சாபக் கதையைச் சற்றே ஒதுக்கிவைத்துவிட்டு வரலாற்றைப் பார்ப்போம். 1010ஆம் ஆண்டில் இராசராசன் பெரிய கோயிலைக் கட்டி முடித்தான். 216 அடி உயர்ந்த விமானம், கருங்கல் கிடைக்காத வண்டல் நாட்டில், தொலைவிலிருந்து கொணர்ந்த கல்லால் எழுந்தது. இனி இந்நகரை அசைக்க எவராலும் இயலாது என்று அன்று எண்ணாதவர் இருந்திருக்க முடியாது. ஆயினும் ஏறத்தாழ 1025ஆம் ஆண்டில், கோயில் எழுந்து பதினைந்து ஆண்டுகள் கடந்ததும், அவன் மகன் இராசேந்திரன் தலைநகரையே பெயர்த்துக்கொண்டு கொள்ளிடத்துக்கு வடக்கே சென்றான். கங்கைகொண்ட சோழபுரம் பிறந்தது. தஞ்சையை எவரும் அன்று சபிக்கவில்லை. பகைவன் எவனும் முற்றுகையிடவில்லை. பேரரசு தன் பெருமையின் உச்சியில் இருந்தபோதே அந்த மாற்றம் நிகழ்ந்தது. ஏன்?

இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு சென்றால், இன்னொரு பெரிய கேள்வியின் வாயிலில் போய் நிற்கலாம். ஒரு நாட்டின் ஏற்றத்தையும் இறக்கத்தையும் முடிவு செய்வது இடமா, மனிதனா? ஏட்டுச் சுரைக்காய் என்று இதைத் தள்ளிவிடவேண்டாம், தோழர்களே! இதற்கு நாம் தரும் விடையைப் பொறுத்தே, அநீதிக்கு யார் பொறுப்பு என்ற வழக்கின் தீர்ப்பும் அமையும்.

இடத்துக்கு ஆற்றல் உண்டு, மறுப்பதற்கில்லை. ஆனால் அந்த ஆற்றலின் பெயர் ராசி அன்று. நீர், நிலம், வழி—இந்த மூன்றும் சேர்ந்ததே இடத்தின் ஆற்றல். சோழரின் தலைநகரங்களை ஆற்றின் போக்கிலே வரிசையாக நிறுத்திப் பார்த்தால் இது விளங்கும். உறையூர், காவிரி பிரிந்து விரிவதற்கு முன்னே, ஆற்றின் தென்கரையில். காவிரிப்பூம்பட்டினம், ஆறு கடலோடு கலக்கும் முகத்தில். கழிமுகத்துத் துறைமுகம் கடல் வாணிகத்தால் செழித்தது. அந்தக் கடலே அதைக் கொண்டது என்று மணிமேகலை கூறுகிறது. பிறகு, ஏறத்தாழ 850ஆம் ஆண்டில், விசயாலயன் முத்தரையரிடமிருந்து தஞ்சையைக் கைப்பற்றினான். பிற்காலச் சோழரின் கதை அங்கே தொடங்குகிறது.

தஞ்சையின் இருப்பிடத்தைப் பாருங்கள். காவிரிப் படுகை ஒரு விசிறி என்றால், அந்த விசிறியின் கைப்பிடி கல்லணை. அங்கிருந்துதான் காவிரியும் வெண்ணாறும் பிரிந்து, பிரிந்தவை மேலும் பிரிந்து, நூறு வாய்க்கால்களாகக் கழனிகளுக்குள் நுழைகின்றன. கைப்பிடிக்கு அண்மையில், விசிறியின் ஓரத்தில் தஞ்சை நிற்கிறது. வடக்கும் கிழக்கும் வண்டல் நிலம்; தென்மேற்கே வெள்ளம் ஏறாத வல்லத்து மேட்டுநிலம். நெல்லுக்கு அருகில் இருக்கிறது. வெள்ளத்துக்குச் சற்று விலகி இருக்கிறது. கிழக்கே சென்றால் நாகப்பட்டினத்துத் துறைமுகம். அங்கே சிரீவிசய மன்னன் எழுப்பிய புத்த விகாரத்துக்கு இராசராசன் ஆனைமங்கலம் என்னும் ஊரையே அளித்தான். படைக்குச் சோறு கழனியிலிருந்து, கருவூலத்துக்குப் பொன் கடலிலிருந்து! ஓர் அரசு வளர இதைவிட வேறென்ன வேண்டும்? எந்தக் கோளும் எந்த நாளும் செய்யாத உதவியை வண்டல் மண் செய்தது.

சரி, அத்தகைய இடத்தை இராசேந்திரன் ஏன் விட்டான்? நிலப்படத்தை விரித்தால் விடை கண்ணில் படும். சோழரின் பெரும்பகை வடக்கே இருந்தது. மேலைச் சாளுக்கியரோடு ஓயாத போர். வேங்கி நாட்டு அரியணைக்காக முடிவற்ற பூசல். தஞ்சையிலிருந்து வடக்கே புறப்படும் படை, வெண்ணாற்றையும் காவிரியையும் கொள்ளிடத்தையும் கடந்தாகவேண்டும். ஆறுகள் பெருகிய காலத்தில் அது எளிய செயலன்று. நெல்லைக் காத்த நீரே படையைத் தடுக்கும் அகழியும் ஆயிற்று. தஞ்சைக்கு வடகிழக்கே ஏறத்தாழ 70 கிலோமீட்டர் தொலைவில், கொள்ளிடத்துக்கு அப்பால் புதிய நகர் அமைத்ததும் அந்தத் தடை பின்னால் போயிற்று. வடக்கு நோக்கிய வழி திறந்தது. கங்கைவரை சென்ற வெற்றியின் நினைவு நகருக்குப் பெயரைத் தந்தது. அது எங்கே நிற்கவேண்டும் என்பதைத் தீர்மானித்தது போர்க்கணக்கு.

ஆனால் கொள்ளிடத்தின் வடகரை வெண்ணாற்றுப் படுகை அன்று. அங்கே நீர் தானாக வந்து காலைத் தழுவாது. எனவே நீரை அழைத்து வந்தார்கள். மைல் கணக்கில் நீண்ட கரையோடு சோழகங்கம் என்ற ஏரி வெட்டப்பட்டது. கங்கை நீரை அதிலே கலந்து, அதை நீரால் ஆன வெற்றித்தூண் என்று செப்பேட்டில் புகழ்ந்துகொண்டார்கள். குடம் குடமாகக் கங்கை நீரைச் சுமந்து வந்த பெருமையை மட்டும் நம் பாடநூல்கள் சொல்கின்றன. கூடை கூடையாக மண் சுமந்து கரை எழுப்பிய தோள்களைப் பற்றி ஒரு வரியும் இல்லை. குடத்து நீரால் ஏரி நிறையாது. கரை நின்றால்தான் நிறையும்.

இடத்தின் அருமையைச் சோழர் கடல்கடந்தும் அறிந்திருந்தனர். 993ஆம் ஆண்டில் ஈழத்தின் மேல் படையெடுத்தபோது, நெடுங்காலம் தலைநகராய் விளங்கிய அனுராதபுரத்தை அழித்துவிட்டுப் பொலன்னறுவையிலிருந்து ஆண்டார்கள். மகாவலி ஆற்றின் துறைகளைக் காத்து, தெற்கே உருகுணையிலிருந்து எழும் எதிர்ப்பைத் தடுக்க அதுவே தக்க இடம். அவர்கள் கணக்குப் பொய்யன்று. ஆயினும் 1070ஆம் ஆண்டில் விசயபாகு அவர்களை விரட்டினான். விரட்டிய பின் அவனும் அதே பொலன்னறுவையிலிருந்தே ஆண்டான். அதே ஆறு, அதே துறை, அதே கோட்டை. ஒருவனுக்குக் கைகொடுத்த இடம் இன்னொருவனுக்குக் கைவிரித்தது என்றால், வேறுபாடு இடத்தில் இருக்க முடியுமா?

இங்கேதான் நாம் நின்று நிதானிக்க வேண்டும். சோதிடத்தைச் சிரித்து ஒதுக்கும் இளைஞர்களில் சிலர், அந்த வெற்றிடத்தில் இன்னொரு தலைவிதியைக் கொண்டுவந்து அமர்த்துகிறார்கள். "எல்லாம் நிலவியல்தான்; ஆறு இருந்தது, அரசு எழுந்தது; வழி அடைந்தது, அரசு விழுந்தது; மனிதன் இதிலே என்ன செய்ய முடியும்?" என்கிறார்கள். கேட்பதற்கு அறிவியல் போலவே இருக்கிறது. ஆனால் பழைய விதியைக் கோள் எழுதியது. புதிய விதியை ஆறு எழுதுகிறது. எழுதிய கை மாறியதே தவிர, மனிதன் தலை குனிந்து நிற்பது மாறவில்லையே! புரோகிதரிடமிருந்து மீட்ட பொறுப்பைப் புவியியலிடம் ஒப்படைப்பதற்கா பகுத்தறிவு பேசினோம்?

இந்தப் புதிய விதியை உடைப்பதற்கு ஒரு சிறு தருக்கம் போதும். மாறாத ஒன்று, மாறிய ஒன்றுக்கு முழுக்காரணமாக இருக்க முடியாது. கான்சுடாண்டிநோபிள் நகரை எடுத்துக்கொள்வோம். 330ஆம் ஆண்டில் உரோமப் பேரரசன் கான்சுடாண்டைன் அதைத் தலைநகராக்கினான். இரண்டு கண்டங்கள் முகம்பார்க்கும் இடம். மூன்று புறம் நீர், நான்காம் புறம் பெருமதில். எகிப்தின் கோதுமை கப்பலேறி வந்தது. உலகில் அதனினும் சிறந்த இருப்பிடம் கொண்ட தலைநகர் அரிது. அந்த இடம்தான் அதை நூற்றாண்டுகள் காத்தது. அதே இடம்தான் 1204ஆம் ஆண்டில் சிலுவைப் போர்வீரர்களிடமும் 1453ஆம் ஆண்டில் துருக்கியரிடமும் வீழ்ந்தது. நீர் வற்றவில்லை, நிலம் நகரவில்லை. உள்ளே இருந்த மனிதர்களுக்கிடையே இருந்த உறவுகள் மாறியிருந்தன. ஆசனப் போட்டியில் ஒரு தரப்பே சிலுவைப் படையை வாயிலுக்கு அழைத்துவந்தது.

தஞ்சைக்கும் அதே அளவுகோலை வைப்போம். 1010ஆம் ஆண்டில் கல்லணை இருந்தது, வெண்ணாறு இருந்தது. மூன்றாம் குலோத்துங்கன் காலத்திலும் அவை இருந்தன. ஆனால் 1216ஆம் ஆண்டில் பட்டமேறிய மாறவர்மன் சுந்தரபாண்டியன், சில ஆண்டுகளுக்குள் சோழநாட்டின்மேல் பாய்ந்து தஞ்சையையும் உறந்தையையும் தீக்கிரையாக்கினான். அரண்மனை நின்ற மண்ணைக் கழுதை பூட்டிய ஏரால் உழுததாகத் தன் மெய்க்கீர்த்தியில் பெருமையடித்துக்கொண்டான். பின்னர் காடவன் கோப்பெருஞ்சிங்கன் சோழ மன்னனையே சிறைபிடித்தான். போசளர் வந்து மீட்கவேண்டியிருந்தது. 1279ஆம் ஆண்டோடு சோழர் பெயர் அரசியலிலிருந்து மறைந்தது. மண் அப்படியேதான் இருந்தது. அப்படியானால் மாறியது எது?

விடை தேட அரண்மனைக்குள் நுழைய வேண்டாம், கழனிக்குச் செல்வோம். முதலில், அந்த இடத்தை "இடம்" ஆக்கியவர் யார்? படுகை இயற்கையின் கொடை என்கிறோம், பாதிதான் உண்மை. கொள்ளிடத்தின் அடித்தளம் காவிரியின் அடித்தளத்தைவிடத் தாழ்ந்தது. தடுப்பார் இல்லையென்றால் நீர் தாழ்ந்த வழியே பாய்ந்து கடலைச் சேரும். காவிரிக் கழனி காயும். கல்லணை அதைத் தடுக்கிறது. அணையோடு வேலை முடிந்ததா? ஆண்டுதோறும் வண்டல் படியும், வாய்க்கால் தூர்ந்துபோகும், கரை உடையும். ஆண்டுதோறும் இறங்கித் தூர்வாரிய கைகள், நள்ளிரவில் உடைப்பை அடைத்த உடல்கள், சேற்றிலே வளைந்த முதுகுகள் இவையெல்லாம் சேர்ந்துதான் சோழவளநாடு சோறுடைத்து என்ற புகழ் பிறந்தது. ஆறு நீரைத் தந்தது. நீரைச் சோறாக்கியது உழைப்பு.

அந்த உழைப்பு தலைநகரை எப்படி வந்து சேர்ந்தது என்பதைப் பெரிய கோயிலின் கற்களே கூறுகின்றன. இராசராசன் ஏறத்தாழ 1001ஆம் ஆண்டில் நாடு முழுவதும் நிலம் அளப்பித்தான். வேலி நிலத்தின் மிகமிகச் சிறிய பின்னமும் கணக்கில் ஏறியது. ஊர்கள் கோயிலுக்கு நெல் அளந்தன; காவலாளரையும் கணக்கரையும் அனுப்பின. கோயில் பணத்தைச் சபைகள் கடனாகப் பெற்று நூற்றுக்குப் பன்னிரண்டரை வட்டி கட்டின. பல ஊர்க் கோயில்களிலிருந்து 400 தளிச்சேரிப் பெண்டுகள் கொண்டுவரப்பட்டுக் கோயிலைச் சூழ்ந்த தெருக்களில் குடியேற்றப்பட்டனர். ஆளுக்கு ஒரு பங்காக ஆண்டுக்கு நூறு கலம் நெல் குறிக்கப்பட்டது. அவர்களின் பெயர்களும் வீட்டு வரிசையும்கூடக் கல்லில் உண்டு. எவரிடமாவது விருப்பம் கேட்கப்பட்டதா? அந்தக் குறிப்பு மட்டும் கல்லில் இல்லை.

அதே கல்வெட்டுகளில், ஊர்தோறும் வரி நீக்கப்பட்ட நிலங்களின் பட்டியல் வருகிறது. குளம், வாய்க்கால், கோயில், ஊர்நத்தம். அவற்றோடு கம்மாணச்சேரி, பறைச்சேரி, சுடுகாடு. வரலாற்றாசிரியர்கள் இந்த வரியைப் படித்து, எவ்வளவு நுட்பமான நிருவாகம் என்று வியக்கிறார்கள். நாமும் வியப்போம், ஆனால் இன்னொன்றையும் படிப்போம். தலைநகரைச் சோறூட்டிய மக்களில் பெரும்பகுதியினர் ஊருக்குள் இல்லை. ஊருக்கு வெளியே, சுடுகாட்டோடு சேர்த்து எண்ணப்பட்ட சேரியில் இருந்தார்கள். தஞ்சை அரண்மனையிலிருந்து அந்தச் சேரிகள் எத்தனை தொலைவு? நடந்தால் சில நாழிகை. ஆனால் அந்தச் சில நாழிகைத் தொலைவை ஆயிரம் ஆண்டுகளில் எந்த மன்னனும் நடந்து கடக்கவில்லை.

1201ஆம் ஆண்டுக் கல்வெட்டு ஒன்று திருப்பாம்புரத்தில் இருக்கிறது. பஞ்ச காலத்தில், வேளாளர் ஒருவரும் அவருடைய இரண்டு பெண்மக்களும் 110 காசுக்குத் தங்களையே கோயிலுக்கு அடிமையாக விற்றுக்கொண்ட செய்தி அதிலே உள்ளது. எந்த இடத்தில் இது நிகழ்ந்தது என்பதை எண்ணிப் பாருங்கள். பாலைவனத்திலன்று; படுகையின் நடுவிலே! பேரரசுக்குச் சோறிட்ட மண்ணிலே, உழும் குடியில் பிறந்தவர் சோற்றுக்காகத் தம்மை விற்றார். வாங்கியது யார்? அதே மண்ணின் நெல்லைக் களஞ்சியத்தில் வைத்திருந்த கோயில்! பஞ்சத்தை மழை கொடுத்திருக்கலாம். அடிமைச் சீட்டை மழை எழுதவில்லை, மனிதன் எழுதினான். இயற்கையின் செயல் எங்கே முடிகிறது, மனிதனின் குற்றம் எங்கே தொடங்குகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தத் தத்துவ நூலும் காட்ட முடியாது.

பாண்டியன் கழுதை ஏர் பூட்டிய செய்திக்கு இப்போது திரும்புவோம். மன்னனின் அரண்மனைத் தரையிலே ஏர் ஓடுவது மாபெரும் அவமானமாம்! கழுதையைப் பூட்டியது இழிவைக் கூட்டுவதற்காக என்பது உண்மையே. ஆனாலும் ஊருக்குச் சோறிடும் கருவி, அரண்மனையின் அகராதியிலே அழிவின் அடையாளமாக இருந்தது என்பதை மறக்க வேண்டாம். தஞ்சை எரிந்த அந்நாளில் மாளிகைவாசி மாளிகையை இழந்தான். சேரிவாசி எதை இழந்தான்? இழப்பதற்கு அவனிடம் எதை விட்டுவைத்திருந்தார்கள்? சோழன் போனான், பாண்டியன் வந்தான். அளக்கும் மரக்கால் மாறியது, அளந்துகொடுக்கும் கை மாறவில்லை. தன்னுடையது என்று கருத ஒன்றுமில்லாத நாட்டைக் காப்பதற்கு எவன் ஓடிவருவான்? மதில் எவ்வளவு உயர்ந்தாலும், அதற்கு வெளியே வாழும் மக்கள் வாளாவிருந்தால், அது வெறும் கல்லடுக்கே. எல்லைப் பகைவர், குறுநில மன்னரின் வலிமை, பட்டத்து உரிமைப் பூசல் என்று வீழ்ச்சிக்குக் காரணங்கள் பல கூறுவர். எல்லாம் உண்மை. அவற்றோடு இதையும் சேர்த்துக்கொள்க என்பதே நம் வேண்டுகோள்.

இரு தலைநகரங்களின் பிற்கதையும் நமக்குப் பாடம் சொல்கிறது. எரிந்த தஞ்சை மீண்டும் எழுந்தது. 1532 முதல் நாயக்கரும், 1676 முதல் மராத்தியரும் அங்கிருந்தே ஆண்டார்கள். வெண்ணாறும் உழவரும் அங்கேயே இருந்ததால், ஆள விரும்பியவர் அங்கே வந்து அமர்ந்தார்கள். கங்கைகொண்ட சோழபுரமோ, பேரரசு மறைந்ததும் மறைந்தது. போர்க்கணக்குக்காகப் பிறந்த நகர், போர் முடிந்ததும் பொருளிழந்தது. மாளிகைமேட்டில் அகழ்ந்தபோது செங்கற் சுவர்களும் உடைந்த கூரை ஓடுகளும் கிடைத்தன. இன்று அது ஒரு கோயிலைச் சுமந்து நிற்கும் சிற்றூர்.

அந்தக் கோயிலின் வெளிமதில் எங்கே? 1836ஆம் ஆண்டை ஒட்டி, கொள்ளிடத்தின் குறுக்கே அணைக்கரையில் கீழணை கட்டியபோது, அந்த மதிலின் கற்களைப் பெயர்த்துக் கொண்டுபோய் அணையில் வைத்தார்கள். கலைச்செல்வம் சிதைந்ததற்காக வருந்துவோர் வருந்தட்டும். அந்த வருத்தத்தில் நியாயம் உண்டு. ஆனால் மன்னனின் புகழைக் காத்த கல் உழவனின் நீரைக் காக்கப் போனது என்ற உண்மையிலும் ஒரு நியாயம் உண்டு. அந்தக் கீழணையிலிருந்து வடவாறு வழியாக வீராணம் ஏரிக்கு நீர் செல்கிறது. பராந்தக சோழன் காலத்தில், பத்தாம் நூற்றாண்டில் தோன்றிய ஏரி அது. 2004ஆம் ஆண்டு முதல் அதன் நீர் குழாய் வழியாகச் சென்னைக்கும் செல்கிறது. சோழரின் தலைநகர் மண்மேடாயிற்று. சோழ நாட்டு உழைப்பாளி எழுப்பிய கரையோ இன்றைய தலைநகரின் தாகத்தைத் தணிக்கிறது. எது நிலைத்தது? எது நிலைக்கத் தகுந்தது?

தலைநகர் தொலைவில் இருந்தால் மக்களுக்குத் துன்பம் என்பது உண்மை. விசயநகரத்தார் துங்கபத்திரைக் கரையிலிருந்து ஆண்ட காலத்தில், 1429ஆம் ஆண்டில், காவிரி வட்டாரத்தில் வலங்கையினரும் இடங்கையினரும் தம் பகையை மறந்து ஒன்றுகூடினர். அதிகாரிகளும் அவர்களோடு கைகோத்த நிலவுடைமையாளரும் சுமத்திய அநியாய வரிகளை இனிக் கட்டமாட்டோம் என்று முடிவெடுத்து, அதைக் கல்லில் பொறித்தனர். மன்னர்கள் மெய்க்கீர்த்தி பொறித்த நாட்டில், மக்கள் பொறித்த மெய்க்கீர்த்தி அது! நம் பள்ளி மாணவர்கள் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய ஆண்டு 1429. கடாரம் வென்ற 1025ஐ மனப்பாடம் செய்யும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். அவர்கள் கண்கள் விரியும். ஆசிரியப் பணியில் இருக்கும் நாம் இதைக் கண்டிருக்கிறோம்.

தொலைதூரத் தலைநகரின் கொடுமையை நம் இயக்கம் நன்கறியும். இராசராசன் சிலையைப் பெரிய கோயிலுக்குள் வைப்பதற்கு டில்லி இசைவு தரவில்லை. 1972ஆம் ஆண்டில் அது கோயிலுக்கு வெளியே நிறுவப்பட்டது. கட்டியவன் சிலையே வாயிலுக்கு வெளியே! காவிரி நீரின் பங்குக்காகவும் பல்லாண்டு வழக்காடினோம். 2018ஆம் ஆண்டில் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே, அதிகாரம் அருகில் வரவேண்டும் என்று நாம் கேட்டது சரி, கேட்பதும் சரி.

ஆனால், தோழர்களே, அருகில் வந்தால் மட்டும் போதுமா? 1968ஆம் ஆண்டு திசம்பர் 25ஆம் நாள் இரவு. அன்று ஒன்றாயிருந்த தஞ்சை மாவட்டத்தில், கீழ்வெண்மணி என்ற சிற்றூர். கூலியாக அரைப்படி நெல் கூடுதலாகக் கேட்ட உழவுத் தொழிலாளரின் சேரி தாக்கப்பட்டது. ஒரு குடிசைக்குள் ஒளிந்த 44 பேர்—பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும்—உயிரோடு எரிக்கப்பட்டனர். அன்று ஆட்சி டில்லியின் கையாள்களிடம் இல்லை. சென்னைக் கோட்டையில் தமிழர் ஆட்சி, நம் ஆட்சி, சுயமரியாதை பேசியவர்களின் ஆட்சி இருந்தது. ஆட்சி நம் மொழியில் பேசியது. ஆனாலும் கோட்டைக்கும் சேரிக்கும் இடையே இருந்த தொலைவு குறையவில்லை, அலறல் கேட்கவில்லை. இந்த உண்மையைச் சொல்லக் கூசினால் நாம் பகுத்தறிவாளர் அல்லர், வெறும் கட்சிக்காரர்.

எனவே, தலைநகரின் தொலைவை அளக்க மைல்கல் போதாது. கூலி கேட்டவனின் குரல் எத்தனை நாளில் அங்கே எட்டுகிறது? எட்டியபின் யார் பக்கம் ஆணை பிறக்கிறது? இந்த இரண்டுமே உண்மையான அளவுகோல்கள். 1010ஆம் ஆண்டின் தஞ்சை, கழனிக்குப் பக்கத்தில் இருந்தது. ஆனால் உழுதவனுக்கு வெகு தொலைவில் இருந்தது. அதுவே அதன் நோய். அந்த நோயோடு எந்த நகரை எந்த ஆற்றங்கரைக்கு மாற்றினாலும் நோயும் உடன் வரும். 1327ஆம் ஆண்டில் முகமது துக்ளக் டில்லியிலிருந்து தௌலதாபாத்துக்குத் தலைநகரை மாற்றினான்; சில ஆண்டுகளில் திரும்பினான். நகரைப் பெயர்க்க ஆணை போதும். ஆட்சியின் இயல்பைப் பெயர்க்க ஆணை போதாது.

இப்போது நம் கேள்விக்கு விடை கூறலாம். இடம் வாய்ப்பைத் தருகிறது. அந்த வாய்ப்பை யாருக்கு எவ்வளவு பங்கிடுவது என்பதை மனிதர் முடிவு செய்கின்றனர். முதலாவது இயற்கை, அதை அறிந்துகொள்வது அறிவு. இரண்டாவது அறம், அதற்குக் கணக்குக் கேட்பது கடமை. முதலாவதை மறுப்பவன் மூடன். இரண்டாவதை முதலாவதின் பின்னே ஒளித்துவைப்பவன் சூழ்ச்சிக்காரன். விளைச்சல் குறைந்ததற்கு ஆற்றைக் காட்டலாம்; விளைந்த நெல் உழுதவன் வீட்டுக்குப் போகாததற்கு எந்த ஆற்றைக் காட்டுவது?

காவிரிப் படுகை இன்றும் மேட்டூரை நோக்கிக் காத்திருக்கிறது. சூன் 12 வந்தால் மதகு திறக்குமா என்று உழவர் கணக்கிடுகிறார்கள். கடைமடைக்கு நீர் வருமா என்ற அச்சம் இன்னும் தீரவில்லை. இந்நிலையில் பெரிய கோயிலின் எந்த வாயில் வழியாக அமைச்சர் நுழைந்தார் என்று ஆராய்வது அறிவுடைமையா? இளைஞர்களே! அமைச்சர் வரும்போது வாயிலைப் பார்க்காதீர்கள்; வாய்க்காலைக் காட்டுங்கள். தூர்வாரிய கணக்கைக் கேளுங்கள். கூலி நிலுவையைக் கேளுங்கள். சேரிக்குப் பாதை உண்டா, சுடுகாட்டுக்கு வழி உண்டா என்று கேளுங்கள். பதவியைப் பறிக்கும் ஆற்றல் கோபுர வாயிலுக்கு இல்லை. கேள்வி கேட்கக் கற்ற மக்களுக்கு உண்டு. அந்த ஆற்றலைப் படுகையின் ஊர்தோறும், சேரிதோறும் கொண்டுசேர்ப்பதே நம் வேலை. தலைநகர் எங்கே வேண்டுமானாலும் இருக்கட்டும். அதன் செவி சேரியில் இருக்கச் செய்வோம்.